லிங்க்ட்இன் எழுதித் தரும் வாழ்த்துகள்

சக ஊழியர் பதவி உயர்வு பெற்றாலோ, ஒரே நிறுவனத்தில் மேலும் ஓர் ஆண்டை நிறைவு செய்தாலோ, அதை நமக்குத் தெரிவித்து, அனுப்புவதற்கு ஏற்ற ஆங்கில வாழ்த்து வரியையும் முன்வைக்கும் லிங்க்ட்இன் என்ற பணிசார் தொடர்புத் தளத்தின் வசதி, ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோருக்கு உண்மையான உதவியாகும். 2019இல் சேர்க்கப்பட்ட கைதட்டும் குறியீடு அதைவிடவும் எளிது. நெருங்கிப் பழகாதவருக்கு அதுவே போதும்.

ஆயினும், பலரிடமிருந்தும் ஒரே வரி வந்து குவியும்போது வாழ்த்தியவரின் முகம் அதில் தெரிவதில்லை. 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் ப்ரமோஷன்' என்ற தொடக்கத்தை வைத்துக்கொண்டு, வாழ்த்தைப் பெறுபவர் திறம்பட முடித்துக்கொடுத்த ஒரு வேலையைக் குறிப்பிடும் இரண்டாவது வரியை நாமே எழுதிச் சேர்ப்பதுதான் முறை என்று உறுதியாகக் கருதுகிறேன். மேலதிகாரிக்கு எழுதுகையில் 'கங்கிராட்ஸ்' என்ற சுருக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

பதில் எழுதுவதற்குத்தான் இத்தகைய ஆயத்த வரிகள் சிறிதும் போதா. 'தேங்க்ஸ்' என்று மட்டும் எழுதுவது பிழையன்று. ஆனால், 'தேங்க் யூ, ஐ குடிண்ட் ஹேவ் டன் இட் வித்தவுட் த டீம்' என்று குழுவின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் பதிலில் பணிவும் நிறைவும் ஒருங்கே அமைகின்றன. நம்மில் பலருக்குப் பழக்கமான 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்ற மறுப்பை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், அது வாழ்த்தியவரையே சங்கடப்படுத்திவிடும்.