வெல்க்ரோ வாங்கும்போது பின்பக்கத்துப் பசையைப் பாருங்கள்

ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) விமானம் ஓட்டும் நண்பர்கள், முக்கியமாகப் புதிதாக ஆரம்பித்திருப்பவர்கள், உள்ளே பேட்டரியைப் பிடித்து வைக்க வெல்க்ரோ டேப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். "ஹெவி டியூட்டி, வெயில் தாங்கும், ஒரிஜினல்" என்று சொல்லி எனக்கு விற்ற டேப்பால் நன்றாகப் பறந்துகொண்டிருந்த ஒரு ஃபோம் டிரெய்னர் (ஓட்டப் பழகும் விமானம்) போய்விட்டது. போனது பெரிதில்லை. அது விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

டேப்பை வாங்கியது ஹாபி சாமான் விற்கும் ஒரு கடையில். சென்னை வெயிலில் மூடிய ஃபியூசலேஜுக்குள், அதாவது விமானத்தின் உடலுக்குள், சூடு ஏறும், அக்ரிலிக் பசை உள்ளதுதான் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். "அதேதான் சார், இழுத்துப் பாருங்க" என்று இரண்டு பட்டையையும் ஒட்டி என் கையில் கொடுத்தார் கடைக்காரர். கர்ரென்று பிரிந்தது, பிடிப்பு நன்றாகவே இருந்தது. வழக்கமான டேப்பைவிட மூன்று மடங்கு விலை. சரி, தரத்துக்குத்தானே என்று கொடுத்தேன்.

வாரக் கடைசியில் காய்ந்த ஏரியில் பறக்கவிட்டோம். மேலே ஏற்றி ஒரு லூப் அடித்து வெளியே வரும்போது மூக்கு தானாகத் தூக்கியது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரை முழுக்கக் கீழே தள்ளியும் இறங்கவில்லை. அந்தரத்தில் நின்று, ஒரு இறக்கை சாய்ந்து, அப்படியே சுற்றிக்கொண்டு வந்து விழுந்தது.

கனோப்பியை (மேல் மூடியை) திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கொக்கிப் பட்டையும் பஞ்சுப் பட்டையும் ஒன்றையொன்று விடவே இல்லை. இரண்டும் சேர்ந்தபடியே பேட்டரியோடு பின்னால் போய் இறக்கைக்கு அடியில் கிடந்தன. விட்டது பசை. பட்டையின் முதுகில் அது நூல் நூலாக இழுத்துக்கொண்டிருந்தது, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. பட்டை ஒட்டியிருந்த பிளைவுட் தட்டிலும் அங்கங்கே அதே பிசுக்கு. வெயில் பட்டால் இளகும் மலிவான ரப்பர் பசை அது. தையல் கடையில் கிடைக்கும் சாதாரண டேப்புக்கு அதைத் தடவி, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு.

3 செல் 2200 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று சுமார் 180 கிராம் இருக்கும். ஒரு கிலோ விமானத்தில் அது 10 செ.மீ. பின்னால் நகர்ந்தால் சி.ஜி., அதாவது விமானத்தின் எடை சமநிலையாகும் புள்ளி, 18 மில்லிமீட்டர் பின்னால் போகும். 20 செ.மீ. அகல இறக்கையில் முன் ஓரத்திலிருந்து 30 சதவீதத்தில் இருக்க வேண்டிய சி.ஜி. 39 சதவீதத்துக்குப் போய்விடும். எவ்வளவு அனுபவம் உள்ளவர் கையில் ரிமோட் இருந்தாலும் அதைச் சமாளிப்பது கஷ்டம். பேட்டரியும் ஒரு மூலை நசுங்கி உப்ப ஆரம்பித்தது. உடனே மணல் வாளியில் போட்டோம். நசுங்கிய லைப்போ சற்று நேரம் கழித்துகூடத் தீப்பிடிக்கும், காருக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "லேண்டிங்ல ஏதாவது தப்பாயிருக்கும் சார், வெல்க்ரோ என்ன பண்ணும்?" என்றார். லேண்டிங்கே நடக்கவில்லை, ஆகாயத்திலேயே கழன்றது என்றேன். பிசுபிசுக்கும் பட்டையைக் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கோபம். வீட்டுக்கு வந்து மீதி டேப் இருந்த கவரைத் திருப்பிப் பார்த்தால், தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்று இல்லை, எம்.ஆர்.பி. இல்லை. கவரில் அடைத்து விற்கும் சரக்கில் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அப்புறம்தான் கடையிலிருந்து போன் வந்தது. டேப்பின் விலையை மட்டும் திருப்பித் தந்தார்கள். விமானத்துக்கும் பேட்டரிக்கும் பதில் இல்லை.

நீங்கள் வாங்கும்போது கொக்கிப் பிடிப்பைக் காட்டினால் அதை நம்பி நின்றுவிடாதீர்கள். அது எல்லா டேப்பிலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். ஒரு துண்டைப் பிளைவுட்டில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு (அக்ரிலிக் பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும்), பிறகு மதிய வெயிலில் காருக்குள் வைத்து இழுத்துப் பாருங்கள். ஓரம் சுருண்டு எழுந்தால் அந்த டேப் வேண்டாம். ஈ.பி.பி. என்ற வகை ஃபோமில் டேப்பின் பசை நேரடியாகச் சரியாகப் பிடிக்காது. முதலில் மெல்லிசாக எபாக்ஸி தடவிக் காயவிட்டு, அதன் மேல் ஒட்டுங்கள்.

எப்படிப்பட்ட டேப்பாக இருந்தாலும் பேட்டரியை அதை மட்டும் நம்பி விடக் கூடாது என்பது என் கருத்து. தட்டில் இரண்டு காடி வெட்டி, பேட்டரியைச் சுற்றி ஒரு வெல்க்ரோ ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்கள். அங்கே பசைக்கு வேலையே இல்லை. பேட்டரிக்குப் பின்னால் ஒரு ஃபோம் கட்டையையும் தடுப்பாக ஒட்டிவிடுங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் பட்டை மட்டும் போதும், அதன் எடை சில கிராம்தான்.

இதே மாதிரி பெயரில்லாத கவரில் "அக்ரிலிக்" என்று வாங்கியவர்கள் இருந்தால், அடுத்த முறை பறக்கவிடும் முன் கனோப்பியைத் திறந்து பட்டையின் ஓரத்தை நகத்தால் ஒரு தடவை நெம்பிப் பாருங்கள்.