நூற்றாண்டு கடந்த சிங்கர் மெஷினுக்கு அசல் உதிரி பாகம்: பழைய வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றின் மதிப்பீடு

பழைய தையல் மெஷினுக்குச் சென்னையில் உதிரி பாகம் கிடைக்காது என்று பலர் சொல்வது பாதி மட்டுமே உண்மை. உஷாவின் பழைய கறுப்பு மெஷினுக்கோ சிங்கர் 15 வகைக்கோ வேண்டிய பாபின் (கீழ்நூல் சுற்றும் உருளை), பாபின் கேஸ், துணியை நகர்த்தும் பல், நூலின் இறுக்கத்துக்கான டென்ஷன் ஸ்பிரிங் ஆகியவை பிராட்வேயிலிருந்து தண்டையார்பேட்டை வரை தையல் சாமான் விற்கும் கடைகளில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. உஷாவின் கறுப்பு மெஷின் சிங்கர் 15-இன் அமைப்பைப் பின்பற்றியது என்பதால், வட்ட பாபின் வைக்கும் அந்த ஒரே குடும்பத்துக்கான பாகங்கள் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே தயாராகி வருகின்றன. ஆகவே ஒரு மெஷினுக்குப் பாகம் கிடைப்பது அதன் வயதைவிட அதன் வகையையே பெரிதும் பொறுத்தது. சிங்கர் 27, 28, 127, 128 ஆகியவை நீள பாபினும், அந்தப் பாபினைச் சுமக்கும் தோட்டா வடிவ ஷட்டிலும், அந்த ஷட்டிலைத் தாங்கிக்கொண்டு அடித்தட்டுக்குக் கீழே வில்போல முன்னும் பின்னும் ஆடும் கையும் கொண்டவை. இவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் எந்தக் கடையில் கேட்டாலும், கடைப் பையன் வட்ட பாபினை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவான்.

இந்த மதிப்பீட்டுக்கு உரிய கடை அப்படிப்பட்டதல்ல. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் ஜவுளி வாங்க வரும் கூட்டத்தைக் கடந்து, பக்கத்துச் சந்து ஒன்றில் நுழைந்தால் அது இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது; வாசலில் மேசை இழந்த இரண்டு வார்ப்பிரும்பு ஸ்டாண்டுகள் நிற்பதுதான் அடையாளம். உள்ளே இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். சுவர் முழுவதும் பிஸ்கட் டின்களும், மண்ணெண்ணெய் வாசனை வீசும் தகர டப்பாக்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஜாக்கெட் தைப்பவர்களும், ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர்களும் நிறைந்த பகுதி இது என்பதால், கடையின் அன்றாட வியாபாரம் ஜூக்கி போன்ற மின்மெஷின்களைச் சார்ந்தது. பழைய சிங்கர் பாகங்கள் உரிமையாளருக்கு ஒரு பக்கத் தொழில். அவரது முகத்தைப் பார்த்தால் அதுவே முதல் ஆர்வம் என்றும் தோன்றுகிறது.

எனக்குப் பாகம் தேவைப்பட்டது கையால் சுற்றும் ஒரு 28கே மெஷினுக்கு. எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் கில்போவி என்னுமிடத்தில் இருந்த சிங்கர் தொழிற்சாலையைக் குறிக்கும். 1885-இல் தொடங்கி 1980-இல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த மெஷின்கள்தாம் நம் ஊர் வீடுகளில் அதிகம் காணப்படுகின்றன. அடித்தட்டின் வலப்பக்கம் பொறித்திருக்கும் வரிசை எண்ணின் முன்னெழுத்தைக் கொண்டு காலத்தை ஊகிக்கலாம். 1900-க்குப் பின் ஒற்றை எழுத்தும், 1930-களின் நடுவிலிருந்து கிளைட்பேங்க் மெஷின்களில் ‘இஏ’ போன்ற இரட்டை எழுத்தும் வந்தன. என்னுடையது ‘எஃப்’ வரிசை. அதாவது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது. எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் கடைக்காரர் எந்த டின்னைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

இந்தக் கடையின் தலையாய சிறப்பு, சரக்கின் தரத்தை மறைக்காமல் சொல்வது. ஒரே பாகத்துக்கு மூன்று மாதிரிகளை மேசைமேல் வைத்து, “இது கம்பெனி சரக்கு, பேப்பர்கூடப் பிரிக்கலை, இது மெஷின்ல இருந்து கழட்டினது, இது லூதியானா. மூணும் ஒண்ணு இல்ல, ஒரே விலை கேட்காதீங்க சார்” என்றார். லூதியானா என்று அவர் சொன்னது பஞ்சாபின் அந்த நகரில் தயாராகும் நகல் பாகத்தை. அசல் பாகத்தின் மேல் ‘சிமான்கோ’ என்ற முத்திரையும் பாக எண்ணும் பெரும்பாலும் இருக்கும். சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. ஆனால் முத்திரை இருப்பதாலேயே ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆகாது. எண்பது ஆண்டு ஓடித் தேய்ந்த அசல் ஷட்டிலும் அசல்தான். வேறு இடங்களில் முத்திரையை மட்டும் காட்டி விலை கேட்பார்கள்; இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஷட்டிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வகை மெஷினில் பணம் செலவழிக்கத் தகுந்த பாகம் அதுவே. ஊசி கீழிறங்கி மேலெழத் தொடங்கும் கணத்தில் நூல் சிறிய கண்ணியாகப் பிதுங்குகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்தக் கண்ணிக்குள் நுழைய, ஷட்டிலின் உடல் முழுவதும் அதன் வழியே கடந்து போக வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் ஷட்டிலின் பளபளப்பான புறத்தை உரசிக்கொண்டு செல்வதால், முனையில் ஒரு சிறு பிசிர் இருந்தாலும் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அறுந்துபோகும். முனை மழுங்கினால் தையல் விட்டு விட்டு விழும். பக்கவாட்டில் சிறு திருகால் பிடிக்கப்பட்ட தகட்டு ஸ்பிரிங்தான் கீழ்நூலின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. நூல் பல்லாண்டுகள் ஓடிய இடத்தில் அந்த ஸ்பிரிங்கில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். அப்படி விழுந்துவிட்டால் திருகை எவ்வளவு திருப்பினாலும் இறுக்கம் ஒரு நிலையில் நிற்காது. 54507 என்ற எண்ணிட்ட அசல் ஷட்டில் கடினமான எஃகால் ஆனது. நகல் ஷட்டிலைக் கண்ணாடியில் பார்த்தபோது அதன் மூக்குப் பகுதியில் அரம் போட்ட கோடுகள் தெரிந்தன; முலாம் அந்தக் கோடுகளை மூடியிருந்ததே தவிர, சமன்படுத்தவில்லை.

மெஷினிலிருந்து கழற்றிய அசல் ஷட்டில் ஒன்றை ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதித்த பிறகே வாங்கினேன். சோதனை எளியது. நூல் சுற்றிய பாபினை உள்ளே போட்டு, நூலைத் துளைகளின் வழியே கோத்து, நூல் நுனியைப் பிடித்து ஷட்டிலைத் தொங்கவிட வேண்டும். தன் எடையால் அது சரசரவென்று இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இந்தச் சோதனையைக் கடைக்காரரே செய்து காட்டினார், கேட்கும்வரை காத்திருக்கவில்லை. விலை ₹900, லூதியானா ஷட்டில் ₹250. வீட்டில் அதைப் பொருத்தி மல் துணியிலும் பழைய ஜீன்ஸ் மடிப்பிலும் தைத்துப் பார்த்ததில், இரண்டிலும் தையல் விட்டுப்போகவில்லை.

நீள பாபின்களில் கடையின் சரக்கு கலவையானது. 8228 என்ற எண்ணில் அறியப்படும் இந்தப் பாபின், மெல்லிய தண்டின் இரு முனைகளிலும் சிறு வட்டுகள் கொண்டது. வட்டு துளி பெரிதாக இருந்தால் ஷட்டிலுக்குள் உரசும். தண்டு துளி நீளமாக இருந்தால் சுழலாமல் திணறும். புதிய நகல்களில் பத்தை எடுத்துப் பார்த்தால் நான்கைந்து தேறலாம் என்பது கடைக்காரரே தந்த மதிப்பு. என் கையில் அகப்பட்டவற்றைப் பார்க்கும்போது அது தாராளமான மதிப்பாகவே தோன்றுகிறது. பொறுக்கி எடுக்க அவர் மறுப்புச் சொல்வதில்லை. பழைய அசல் பாபின்கள் துருப்பிடித்திருந்தாலும், துரு மேலோட்டமானதாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துப் பயன்படுத்தலாம். அவற்றையே வாங்குமாறு நானும் சொல்வேன்.

அடித்தட்டின் இடப்பக்கம் ஷட்டிலை மூடியிருக்கும், முன்னும் பின்னுமான இரு நகரும் தகடுகள்தாம் இந்த மெஷின்களில் முதலில் தொலைந்துபோகும் பாகம். வீடு மாற்றும்போது விழுந்துவிடும், அல்லது பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடுவார்கள். தகடு இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும் என்பதால் யாரும் தேடுவதில்லை; துணி உள்ளே சிக்கும்போதுதான் நினைவு வரும். 28 என்பது 27-இன் முக்கால் அளவு மெஷின் என்பதால், ஷட்டிலும் பாபினும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தாலும் தகடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடையில் 27-க்கான தகடுகள் இருந்தன, 28-க்கான பின்தகடு இல்லை. “வெட்டிச் சரிபண்ணித் தரவா?” என்று அவர் கேட்டதும், நல்ல நிலையிலுள்ள அசல் தகடு ஒன்றைக் கெடுக்க மனமின்றி வேண்டாம் என்று சொன்னதும் நடந்தன. முன்பணம் வாங்காமல் என் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

இங்கே ஒரு மனக்குறையையும் பதிவு செய்ய வேண்டும். கழற்றிய பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், முழு மெஷின்களைப் பிரித்தே வருகின்றன. பூவேலைப்பாடு கொண்ட வார்ப்பிரும்பு ஸ்டாண்டுகளை மேல் கண்ணாடி போட்டு உணவகங்களுக்கும் காபிக் கடைகளுக்கும் மேசையாக விற்பது இப்போது நல்ல வருமானம். ஸ்டாண்டு விலைபோனதும் மேலிருக்கும் தலைப்பகுதி அநாதையாகி, எடைக்கு வந்து சேர்கிறது. கடையின் பின்னறையில் நான் பார்த்த தலைப்பகுதிகளில் ஸ்பிங்க்ஸ் உருவம் பொறித்த 27 ஒன்றும் இருந்தது. எண்ணெய் விட்டுச் சுத்தம் செய்தால் தைக்கக்கூடிய நிலையில்தான் அது காணப்பட்டது. உடைந்ததைப் பிரித்து ஓடுவதைக் காப்பாற்றுவது நியாயம். ஓடக்கூடியதையே பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொன்னபோது, முழு மெஷினாக வாங்க ஆள் வந்தால் பிரிக்க மாட்டேன் என்றார். விலையும் கேட்டேன், பாகம் பாகமாக விற்றால் கிடைப்பதைவிடக் குறைவாகவே சொன்னார்.

எல்லாவற்றுக்கும் அசலைத் தேடி அலைவது வீண் என்பதையும் இந்தக் கடை நேர்மையாகச் சொல்கிறது. பாபினில் நூல் சுற்றும் அமைப்பிலுள்ள ரப்பர் வளையம் (எண் 15287) பழையதாக இருந்தால் கல்லாக இறுகியிருக்கும். புதியதே மேல், பத்து இருபது ரூபாய் வேலை. கால் மெஷினுக்கான தோல் பெல்ட்டும் அப்படித்தான். ஊசியைப் பொறுத்தவரை 27, 28 இரண்டும் இன்றைய வீட்டு மெஷின்களுக்குரிய 15x1 ஊசியையே ஏற்கும் என்பது பெரிய நிம்மதி. இவற்றுக்கும் முந்தைய சிங்கர் 12 வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, அதன் ஊசி வேறு. திருகுகளுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. சிங்கரின் திருகுப் புரிகள் தனிக்கணக்கு கொண்டவை. ஹார்டுவேர் கடைத் திருகை வலிந்து நுழைத்தால் துளையின் புரி அழிந்துவிடும். இந்தக் கடையில் பழைய திருகுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே தருகிறார்.

கைப்பிடி அமைப்பில் எனக்குத் திருப்தியில்லை. இங்கு இருப்பவை அனைத்தும் புதிய நகல்களே. பல்சக்கரங்கள் இரைச்சலிடுகின்றன, மரப்பிடி தளர்ந்து ஆடுகிறது. மேலும் கைப்பிடியின் விரல் சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே நுழைந்துதான் அதைச் சுழற்ற முடியும். ஆரமில்லாத மூடிய சக்கரம் கொண்ட மெஷினுக்குக் கைப்பிடி வாங்குபவர் சக்கரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். இதைக் கடைக்காரர் கேட்டால் சொல்கிறார், கேட்காவிட்டால் சொல்வதில்லை. மற்ற பாகங்களில் காட்டிய வெளிப்படைத்தன்மைக்கு இது பொருந்தவில்லை.

சர்வீஸ் வேலையும் உண்டு. பல வீடுகளில் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழக்கம். அது காலப்போக்கில் பிசினாகி, சக்கரத்தைச் சுற்றவே முடியாமல் ஆக்கிவிடும். இங்கே இடுக்குகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய் விடுகிறார்கள். தங்க நிற ஓவியங்களின் மேல் ஸ்பிரிட் படவே கூடாது என்று உதவியாளரை அதட்டியதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை கூடியது. அவற்றின் மேல் பூசியிருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து ஓவியமும் போய்விடும். பாலிஷ் செய்து பளபளப்பாக்கித் தருகிறேன் என்று மெஷினை எடுத்துச் சென்று, ஓவியமே இல்லாத கறுப்புக் கட்டையாகத் திருப்பிக் கொடுக்கும் மெக்கானிக்குகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறைகள் இன்னும் சில உள்ளன. பில் கிடையாது, கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். பொருத்திப் பார்த்துச் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்பது வாய்மொழி உறுதி மட்டுமே. எனக்கு ஒரு பாபினை முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார். விலை ஆளுக்கேற்ப மாறுகிறது என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. உரிமையாளர் இல்லாத நேரத்தில் சென்றால் உதவியாளர் எந்த டின்னையும் திறக்க மாட்டார்.

செல்ல விரும்புபவர்கள் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பது வசதி. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. சாலைப் பக்கம் போகவே வேண்டாம். மெஷினைத் தூக்கிச் செல்லத் தேவையில்லை. வரிசை எண், அடித்தட்டின் இடப்பக்கம், ஷட்டிலின் இரு புறங்கள் ஆகியவற்றின் தெளிவான புகைப்படங்களும், கையில் பழைய ஷட்டிலும் இருந்தால் போதும். 28-க்கான பின்தகடு வேறு யாரிடமாவது மிகுதியாக இருந்தால் அந்தக் கடையிலேயே கொடுத்து வையுங்கள், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்.