சர்வீஸ் கடையிலிருந்து வந்த கட்டிங் மிஷின்: ராமநாதபுரம் பக்கம் உள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். இடது முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். பட்டது என் காலோடு போனது. பக்கத்தில் நின்ற அக்கா மகனுக்கு ஆறு வயது. அந்த நினைப்பில் மூன்று நாளாகத் தூக்கமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எங்களிடம் ஒரு 4 இஞ்ச் கட்டிங் மிஷின் உண்டு, ஏஜி4 என்போமே, வட்ட டிஸ்க் சுழன்று இரும்பை அறுக்குமே, அது. உப்புக்காற்றில் வீட்டுக் கொட்டகையின் இரும்புக் குழாய்கள் அடியில் இத்துப்போய்விட்டன. அறுத்து மாற்ற எடுத்தால், மிஷினுக்குள் தீப்பொறி, கருகல் வாடை. பாலம் தாண்டி ராமநாதபுரம் போய் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் மராமத்தில் கிடக்கும். அதனால் கடையில் மிஷின்கள் மலையாகக் குவிந்திருந்தன. "ஆர்மேச்சர் போயிருச்சுண்ணே, ஒரிஜினல் போட்டுத் தாரேன்" என்றார். மோட்டாருக்குள் சுற்றும் சுருளைத்தான் ஆர்மேச்சர் என்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனேன். ஆர்மேச்சருக்கு 850, அதில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பனுக்கு 80, கூலி 350, ஆக 1,280 ரூபாய். பில் இல்லை, துண்டுச்சீட்டுதான். டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் தகடு, அந்தக் கார்டு, காணோம். கேட்டதற்கு, "அது வேலைக்கு இடைஞ்சல்ணே, யாரும் போடுறதில்ல" என்றார். கடையில் நல்ல கூட்டம், பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. ஓட்டிப் பார்க்காமல் வாங்கி வந்தேன். அது என் தப்பு.

மறுநாள் காலையில் அங்கேயே வாங்கிய டிஸ்க்கை மாட்டி, மிஷின் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகி போர்டு சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. கொட்டகையில் விளக்கைத் தட்டிப் பார்த்தேன், எரியவில்லை. கரண்ட் போயிருந்தது. மிஷினைத் தரையில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்காமல், திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தேன். இதுவும் என் தப்புதான். ஆனால் சுவிட்ச் ஆஃபில் இருக்கும் மிஷின் தானாக ஓடும் என்று யார் நினைப்பார்கள்?

கரண்ட் வந்தது. மிஷின் ஓடியது.

4 இஞ்ச் மிஷின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அர்த்தம். பிடிக்க ஆளில்லாமல் சிமெண்ட் தரையில் துள்ளித் துள்ளி, வயரையும் இழுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த நங்கூரத்தில் போய் மோதியது. மெல்லிய கட்டிங் டிஸ்க் விளிம்பால் அறுப்பதற்குத்தான். பக்கவாட்டில் அடி தாங்காது. சிதறியது. போர்டை அணைக்க ஓடிய என் காலில் ஒரு துண்டு. அக்கா மகன் அப்போது ஏறத்தாழ பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றான். கார்டு இருந்திருந்தால் எல்லாத் துண்டையும் தடுத்திருக்காது. பாதியையாவது தடுத்திருக்கும்.

சாயங்காலம் பாம்பனிலிருந்து தெரிந்த எலக்ட்ரீஷியன் மாமா வந்து மிஷினைப் பிரித்தார். சுவிட்சின் உள்தகடு உப்பு பூத்துக் கெட்டிருந்தது. 100 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் சுவிட்சை மாற்றாமல், இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி டைரக்டாகக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே தெரியும் பட்டன் சும்மா பொம்மை. ஆர்மேச்சரும் பழையதுதான், சுருளில் கருகின தடம் அப்படியே இருந்தது. கார்பன் உரசும் செம்பு வளையத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். புதிதாகப் போட்டது கார்பன் மட்டும். 80 ரூபாய் வேலைக்கு 1,280.

கடையில் வாங்கியதில் மாட்டாமல் மீதமிருந்த டிஸ்க்கை மாமா கையில் எடுத்து நடு ஓட்டையைக் காட்டினார். ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி, பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து மூன்று வருடம். எனக்கு விற்றதில் அந்தத் தேதி தாண்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது பிசின், ஈரம் பட்டால் வலு குறையும். நம் கடற்கரை வீடுகளில் அதைச் சுவரோரம் ஆணியில் மாட்டி வைக்கவே கூடாது, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

"மீட்டர் பக்கத்துல டிரிப் சுவிட்ச் இருக்கே, அது விழலையா?" என்று பலர் கேட்டார்கள். விழாது. அந்த டிரிப் சுவிட்ச்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால்தான் விழும். ஷாக்கிலிருந்து அது காப்பாற்றும், வீட்டில் இல்லையென்றால் முதலில் போடுங்கள். ஆனால் மிஷின் தானாக ஓடுவதும் டிஸ்க் சிதறுவதும் அதற்குத் தெரியாது. அதே மாதிரி, இரண்டு முள் பிளக் என்றாலே டூப்ளிகேட் என்று பயப்படவும் வேண்டாம். மிஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. குறி இல்லாத இரும்பு பாடி டிரில்லிங் மிஷினின் மூன்று கோர் வயரை (எர்த்துக்கும் சேர்த்து உள்ளே மூன்று கம்பி உள்ளது) மாற்றி யாராவது இரண்டு கோர் போட்டுக் கொடுத்தால், அதை வாங்காதீர்கள்.

தையல் போட்ட மறுநாளே மச்சானைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "குடுக்கும்போதே டைரக்டாத்தான் இருந்துச்சு" என்றார். முந்தின வாரம் வரை அந்த சுவிட்சைத்தான் தள்ளி ஓட்டினேன் என்றேன். பழைய ஆர்மேச்சரைக் கேட்டேன், பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். மிஷினுக்குள்ளேயே இருந்தது எப்படி இரும்புக்குப் போனது? கடைசியில் 500 ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. என் கையில் இருப்பது துண்டுச்சீட்டும், போனில் பணம் அனுப்பிய பதிவும், பிரித்தபோது எடுத்த படங்களும். ஒழுங்கான பில் இருந்திருந்தால் இவ்வளவு வாதாட வேண்டியிருக்காது.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் மாற்றின பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். கார்டு, சைடு கைப்பிடி, ஸ்பானர் எல்லாவற்றையும் கொடுக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையை விட்டு இறங்குமுன், டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மிஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதன் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே பிளக்கைச் சொருகிக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அசையக் கூடாது. கரண்ட் போனால், டிஸ்க் மாற்றினால், பிளக் சுவரில் இருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் இன்னொரு அண்ணனும் அதே கடையில்தான் மிஷின் கொடுத்து வாங்கினார் என்று நேற்றுத் தெரிந்தது. நொண்டிக்கொண்டே போனேன். டிஸ்க்கைக் கழற்றினோம். பட்டன் ஆஃபில் இருப்பதை இருவரும் பார்த்தோம். அவர் இரண்டு கையாலும் மிஷினை அழுத்திப் பிடிக்க, நான் போர்டில் சுவிட்சைப் போட்டேன்.

ஓடியது.