கூகுளா, இணைய நூலகமா? தாது வருடப் பஞ்சத்தை வைத்துப் பார்ப்போம்

இளங்கலை வரலாறு படிக்கும் மாணவரிடம் 1876–78 தாது வருடப் பஞ்சம் பற்றி ஆய்வுக் கட்டுரை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் தட்டினால் பக்கம் பக்கமாக வந்து விழும். செத்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 55 லட்சம், இன்னோரிடத்தில் 82 லட்சம். சென்னை மாகாணத்துக்கு மட்டுமா, மைசூர், பம்பாய், ஹைதராபாத்தையும் சேர்த்தா என்ற விளக்கம் பல பக்கங்களில் இருக்காது. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வேறு. அதைப் படித்ததோடு பிள்ளைகள் நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் தேடுபொறிதான். எழுத்துப் பிழையோடு கேட்டாலும் புரிந்துகொள்ளும்; பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், கார்னிஷ், வில்லியம் டிக்பி என்று அக்காலத்துப் பெயர்களை எடுத்துக் கொடுக்கும். நூலகத்தில் அந்தச் சலுகை குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தலைப்போ ஆசிரியர் பெயரோ தெரிந்து போனால்தான் வேலை சீக்கிரம் முடியும். பழைய தமிழ் நூல்கள் பலவும் படமாக ஸ்கேன் செய்தவை. உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது.

பெயர்கள் கிடைத்ததும் கூகுளை மூடிவிட்டு, பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துக்குப் போங்கள். டிக்பி 1878-இல் வெளியிட்ட பஞ்ச வரலாறு இரண்டு தொகுதிகளாக அங்கே இருக்கிறது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடம்புக்கு அது பற்றாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இந்தச் சண்டையை அக்காலத்து ஆவணங்களோடு படிக்கும்போதுதான் பஞ்சம் வெறும் மழை பொய்த்த கதை இல்லை என்று உறைக்கும். டிக்பியும் நடுநிலையாளர் அல்ல. சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்துகொண்டே நிவாரணக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர். சொல்பவர் யார் என்பது நூலின் முகப்பிலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். பெயரில்லாத இணையப் பக்கத்தில் அதற்கு வழியே இல்லை.

பிறகு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா. அங்கே ஆய்வேடுகளை இயல் இயலாகப் பிரித்து ஏற்றியிருப்பார்கள். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறந்து பாருங்கள். அடுத்து எதைப் படிக்கலாம் என்பது அதிலேயே கிடைத்துவிடும்.

மேற்கோள் குறிக்கும்போது ஒரு கவனம்: திரை காட்டும் பக்க எண்ணும் நூலில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. முகப்பு, முன்னுரைப் பக்கங்களையும் திரை சேர்த்து எண்ணும். அச்சில் இருப்பதையே எழுதுங்கள்.