மழைக்காலத்தில் பஞ்ச் இவி: செல்லூர்க்காரரின் மதிப்பீடு

2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவன் என்பதால், டாடா பஞ்ச் இவி என்ற மின்சாரக் காரை வாங்கும் முன் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தைவிடத் தண்ணீரைப் பற்றியே அதிகம் விசாரித்தேன். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஓட்டிய பின் இதை எழுதுகிறேன்.

இதன் பேட்டரி, நீரும் தூசியும் புகாமைக்கான ஐபி67 தரம் பெற்றது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே கேடு விளைக்கும் அளவுக்கு நீர் புகக் கூடாது என்பது அந்தச் சோதனையின் அளவுகோல். ஆனால் அது பேட்டரிக்கான தரமே தவிர, கார் முழுவதற்கும் உரியதன்று. தண்ணீரில் ஓட்டிச் செல்ல நிறுவனம் சொல்லும் ஆழம் 350 மி.மீ. மட்டுமே. கர்டர் பாலத்தடியில் சக்கரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே நின்ற நீரை மெதுவாகக் கடந்தேன். காற்றை உறிஞ்சும் எஞ்சினும் சைலன்சரும் இல்லாததால், பெட்ரோல் காரைப் போல எஞ்சினுக்குள் நீர் ஏறி அணைந்துவிடும் அச்சம் இதில் இல்லை. அதற்காக ஆழம் தெரியாத நீரில் இறங்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது கார் அன்று, வீட்டு எர்த்தான். மழை பிடித்த வாரத்தில் 15 ஆம்பியர் பிளக்கில் செருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, பழைய எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது தெரிந்தது. புதிய எர்த் குழி தோண்டி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் பொருத்திய பிறகு தொல்லை இல்லை. எர்த் இல்லையென்றால் சார்ஜ் ஏற்ற மறுக்கும் சார்ஜரின் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

வெளியில் சார்ஜ் போடுவதிலும் ஆபத்து தெரியவில்லை. காரும் சார்ஜரும் ஒன்றுக்கொன்று சமிக்ஞை பரிமாறிக்கொண்ட பின்பே மின்சாரம் பாய்கிறது. நான்குவழிச் சாலையில் நான் நிறுத்திய ஒரு நிலையத்தில் மட்டும் கூரையே இல்லை. ஈரமான தொடுதிரை விரலுக்கு அசையாமல் நிற்க, கார் நனைந்ததைவிட நான் நன்றாக நனைந்தேன்.

மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் அதிகம் உரசுவதில்லை; நனைந்து நின்ற மறுநாள் காலையில் அதில் மெல்லிய துரு படிந்திருக்கும். தெருமுனைக்குள் இரண்டு முறை பிரேக்கை அழுத்தினால் அந்தத் துரு தேய்ந்துபோகிறது.

கனமழை எச்சரிக்கை வந்தால், மேட்டுத் தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டு வாசலில்தான் இப்போதும் காரை நிறுத்துகிறேன்.