கேன்டரும் கொரோலாவும்: இரண்டையும் வைத்து ஓட்டிய அனுபவம்

என்னிடம் 12 வருடமாக ஒரு மிட்சுபிஷி கேன்டர் லொறி இருக்கிறது, 4டி33 எஞ்சின். அதோடு 9 வருடமாக ஒரு டொயோட்டா கொரோலா 110. லொறி போகத்துக்குப் போகம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றும். மற்ற மாதங்களில் செங்கலடி–பதுளை வீதியால் மரக்கறிக்குப் போய் வரும்.

லொறி பழக வந்த மருமகன் முதல் நாளே கேட்டான்: "மாமா, ரெண்டுக்கும் குதிரைவலு கிட்டத்தட்ட ஒண்டுதானே, பிறகு ஏன் இது பாயுதில்ல?"

நல்ல கேள்வி. கொரோலாவின் 1500 சிசி பெற்றோல் எஞ்சினுக்கு 100 குதிரைவலு பக்கம். கேன்டரின் 4200 சிசி டீசலுக்கு 120 பக்கம். ஆனால் கார் அந்த வலுவைக் காட்ட நிமிடத்துக்கு 5500 சுற்றுக்கு மேல் வேண்டும். லொறிக்கு 3200 போதும். இழுவையோ (டோர்க், எஞ்சின் சுழற்றும் விசை) காரைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் 2000 சுற்றுக்குக் கீழேயே கிடைக்கிறது. காரில் பிஸ்டன் ஓடும் தூரம் 77 மில்லிமீற்றர், லொறியில் 115. அவ்வளவு தூரம் ஓடும் கனத்த பிஸ்டனைக் கார் வேகத்தில் சுழற்ற முடியாது. நெல் மூட்டைகளோடு வயல் பாதையிலிருந்து தார் வீதிக்கு ஏறும்போது மருமகன் அக்சிலரேட்டரை ஏறி மிதிப்பான். மிதிக்கத் தேவையில்லை. சின்னக் கியரில் விட்டால் அதுவே முக்கி ஏறிவிடும்.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். பெற்றோல் காரில் காலை எடுத்ததும் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். இந்த டீசலில் அந்த மூடி இல்லை. அதற்குத்தான் எக்ஸோஸ்ட் பிரேக்: புகை போகும் வழியை அடைத்து, எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்க வைக்கும். பதுளை வீதியில் லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும்போது அது இல்லாமல் நான் லொறியை எடுக்கமாட்டேன்.

பராமரிப்பும் வேறுதான். காரின் டைமிங் பெல்ட்டை, அதாவது எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பட்டியை, 1,00,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். நான் தள்ளிப்போட்டேன், கல்லடியில் அறுந்து நின்றது. அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் முட்டாது, அதனால் தப்பியது. கேன்டரில் பெல்ட்டுக்குப் பதில் பற்சக்கரம், அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒயில் மாற்றும்போது காரைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

போன சிறுபோகம் முடிந்ததும் லொறிக்கு லைனர் (பிஸ்டன் உள்ளே ஓடும் உறை), பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினேன். தேய்ந்த லைனரைக் கழற்றிப் புதியதைப் போட்டால் சரி, எஞ்சினின் உடலான புளொக் பழையதேதான். இந்தப் பெரும்போகத்துக்கு மருமகன்தான் ஓட்டுகிறான், சின்னக் கியரில்.