கேபிள் நெட்டை வீட்டில் நாலு பேருக்குப் பிரிக்க ஆர்ச்சர் சி6

கேபிள்காரர் வைத்துவிட்டுப் போகிற மோடத்தில் பெரும்பாலும் ஒரேயொரு லாண் துளைதான் (கணனி வயர் கொழுவுகிற இடம்) இருக்கும், அது நெட்டுக்கான முகவரி (ஐபி) கொடுப்பதும் ஒரு சாதனத்துக்குத்தான். அதனால் டவுன் கடையில் “மலிவா சுவிட்ச் இருக்கு அண்ணா” என்று எடுத்துக் காட்டினாலும் வாங்காதீர்கள், இரண்டாவது கணனிக்கு நெட் வராது. கேட்க வேண்டியது, வருகிற ஒரு இணைப்பைப் பல சாதனங்களுக்குத் தனித்தனி முகவரியோடு பிரித்துக் கொடுக்கிற ரவுட்டர். எங்கள் வீட்டில் ஓடுவது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6.

வாங்கும்போது பெட்டியை வடிவாகப் பாருங்கள். இதே டிபி-லிங்க்கின் சி50 பெட்டியிலும் ஏசி1200 (வைஃபை வேக வகை) என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அதன் துளைகள் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், சி6இல் ஐந்து துளையுமே கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். கணனியில் இருந்து கணனிக்குப் பெரிய வீடியோ ஃபைல் மாற்றுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கொழுவுவது சுகம். மோடத்து வயரை நீலத் துளையில் கொடுங்கள், கணனிகளை மற்ற நாலிலும். இன்டர்நெட் விளக்கு செம்மஞ்சளிலேயே நின்றால் ரவுட்டர் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். மோடம் முந்திக் கொழுவியிருந்த கணனியையே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும், மோடத்தின் பிளக்கைக் கழற்றிச் சற்று விட்டுப் போட்டால் பெரும்பாலும் பச்சைக்கு வந்துவிடும். உங்கள் மோடத்திலேயே வைஃபை இருக்கிறதென்றால் சி6ஐ அக்சஸ் பொயின்ட் முறையில் (முகவரி கொடுக்காமல் இணைப்பை மட்டும் கடத்துகிற முறை) போடுங்கள், இரண்டும் முகவரி கொடுக்கப் போனால் வீண் தலையிடி.

வைஃபை? புதுச் செங்கல் வீட்டுக்குப் போதும். எங்களுடையது தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் வைத்த பழைய வீடு, விறாந்தையில் துள்ளுகிற 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை சாமி அறையைத் தாண்டினதும் படுத்துவிடும், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை எப்படியோ குசினி வரை போகிறது. இதில் ரவுட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எந்த ரவுட்டருக்கும் அந்தச் சுவர் சுவர்தான். ஆகவே மேசைக் கணனிகளுக்கு கேட்5இ என்கிற நெட்வேர்க் வயரே இழுத்தோம், 100 மீற்றர் வரை கிகாபிட் தாங்கும், எந்த வளவு வீட்டுக்கும் காணும்.

இதனால் நெட் வேகம் கூடிவிடாது, வருவதைத்தான் பிரிக்கும். கேபிளில் அப்லோட் பாதை பெரும்பாலும் ஒடுக்கம். அண்ணா வீடியோ ஏற்றத் தொடங்கினால் தங்கச்சியின் சூம் வகுப்பில் சேர் வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். ரவுட்டர் செற்றிங்கில் கியூஓஎஸ் (எந்தச் சாதனத்துக்கு முதலிடம் என்று சொல்லும் வசதி) போட்டு அவளுடைய லாப்டொப்புக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு சண்டை குறைந்திருக்கிறது. யூஎஸ்பி துளை இல்லாதது ஒரு குறை, ஹார்ட் டிஸ்க் கொழுவிப் பொதுவாகப் பாவிக்க முடியாது.

ஐப்பசி கார்த்திகை இடிக்கு கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மின்னல் கேபிள் வயராலும் வரும், மோடத்தின் பின்பக்கத் திருகு வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், கருகிய சாமானுக்குக் கடையில் வாரண்டி கேட்கப் போனால் மின்னலுக்கு இல்லை என்று பில்லைத் திருப்பிக் காட்டுவார்கள்.